தரையில் முளை அடிக்க முடியாத வீடு: பத்தமடையிலிருந்து பம்மலுக்கு வந்த ஒரு பாய்த்தறி

சென்னையை ஒட்டிய பம்மலில் வாடகை வீடு பார்க்கப் போன அன்று, பாய் நெய்கிற லாத்தா (அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) ஹாலின் நடுவில் நின்று குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். வழுவழுவென்று டைல்ஸ். "இதுல முளை அடிக்க முடியாதே" என்றார். சுவரில் ஆணி அடிப்பதைப் பற்றிக் கேட்கிறார் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். "ஆணியெல்லாம் அடிக்கக் கூடாதும்மா, பெயின்ட் புதுசு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். 2022 ஜூன் மாதம் அது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. வேறு வீடு தேட நேரமில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி, பத்தமடைக்குப் பக்கத்து ஊர். ஊர்ப்பக்கத்துக் கைவினைப் பொருட்களைச் சென்னையில் விற்றுக்கொடுக்கும் சிறிய குழு ஒன்றில் வேலை செய்கிறேன். அப்படித்தான் லாத்தாவின் குடும்பம் பழக்கம். அவர்கள் ஊரை விட்டு வந்ததிலிருந்து மூன்றரை வருடம் கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் வராது.

ஊரில் வேலை நடந்த விதம்

பத்தமடை திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் இருக்கிறது. தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் கொடுத்த ஊர். கரையோரம் விளையும் கோரைப் புல்தான் பாய்க்கு மூலப்பொருள். லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் கையில் தலைமுறைகளாக இருக்கும் தொழில் இது. இன்று பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்கிறோமே, துணி மாதிரி மடித்துவிடலாம் என்கிற அளவுக்கு மெல்லிசு. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதாக ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

அந்த மெல்லிசு எப்படி வருகிறது என்பதைச் சொன்னால்தான் பம்மலில் நடந்தது புரியும். பச்சைக் கோரையை அறுத்து வந்து கத்தியால் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை (தண்டின் மென்மையான நடுப்பகுதியை) எடுத்து, வெயிலில் காயப்போட வேண்டும். காய்ந்ததைக் கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் கல் வைத்து அமுக்கிப் போடுவார்கள். நாள்கணக்கில் ஊறி உப்பிய பிறகு எடுத்து மறுபடி காயவைத்து, மறுபடி இழை இழையாகக் கீற வேண்டும். எவ்வளவு மெல்லிசாகக் கீறுகிறார்களோ அவ்வளவு நல்ல பாய். பிறகு சாயம். தறியைப் பற்றிச் சொல்லப்போனால், அது மரச்சட்டம் போட்டு நிற்கிற தறி கிடையாது. தரையில் முளை அடித்து, இரண்டு மூங்கிலை இரண்டு பக்கமும் கட்டி, நடுவே பருத்தி நூலில் பாவு (நீளவாக்கு நூல் வரிசை) இழுத்து, அதன்மேல் பலகை போட்டு அதில் உட்கார்ந்து நெய்வது. நீளமான மெல்லிய குச்சியின் நுனியில் கோரை இழையைக் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, பாவு நூல்கள் ஊடே போகும் அச்சுக் கட்டையால் அடித்து இறுக்குவார்கள்.

லாத்தா வீட்டில் தறியில் உட்காருவது லாத்தா. கீறுவது அவருடைய மாமியார். சாயம் போடுவது கொழுந்தன் மனைவி. மத்தியானச் சோறு முடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் கீறிக்கொண்டிருக்கும். யார் எவ்வளவு செய்தார் என்று யாரும் எண்ணியதில்லை. பாய் விற்ற காசு வீட்டுக் காசு. அவ்வளவுதான் கணக்கு.

கணவர் தையல்காரர். ரெடிமேட் வந்த பிறகு ஊர்க்கடையில் வருமானம் குறைந்துகொண்டே வந்தது. பல்லாவரம் பக்கம் தோல் பொருட்கள் தைக்கும் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொல்ல, அவர் முதலில் தனியாக வந்தார். ஒரு வருடம் கழித்து மனைவி, பத்தாம் வகுப்புக்குப் போகும் மகள், நாலாவது படிக்கும் மகன் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். மாமியார் வர மறுத்துவிட்டார். "வாய்க்கால விட்டுட்டு நா எங்கெ வர?" என்று ஒரே வார்த்தை.

முதல் ஒரு வருடம்

லாத்தா வரும்போது அச்சு, குச்சிகள், பலகை, இரண்டு மூங்கில், ஐந்து கட்டுக் கோரை எல்லாவற்றையும் கொண்டுவந்தார். மூங்கிலைப் பஸ்ஸின் மேலே கட்டிக் கொண்டுவந்ததை இப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். தொழில் கையில்தானே இருக்கிறது, எங்கே போனாலும் நெய்துகொள்ளலாம் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். இந்த இடத்தில் என் தப்பையும் சொல்ல வேண்டும். வீடு பார்க்கும்போது ஸ்கூல், பஸ் ஸ்டாப், பள்ளிவாசல், வாடகை எல்லாம் விசாரித்த நான் தறிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் இதுதான் என் வேலை.

தரையில் முளை அடிக்க முடியாது. ஜன்னல் கம்பியில் ஒரு மூங்கிலையும், எதிர்ப்பக்கம் கட்டில் காலில் இன்னொன்றையும் கட்டிப் பார்த்தார். பாவை இறுக்கினால் கட்டில் நகர்ந்தது. கட்டில்மேல் அரிசி மூட்டை, பாத்திரப் பெட்டி எல்லாம் ஏற்றினார்கள். அப்படியும் ஒரு பக்கம் தொய்ந்து, நெய்த பாய் கோணிக்கொண்டு வந்தது. போதாததற்கு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சாயங்காலம் பிள்ளைகள் படிக்க, ராத்திரி படுக்க எல்லாம் அதே இடம். தினமும் பாவை அவிழ்த்துக் கட்ட முடியுமா?

தண்ணீர் அதைவிடப் பெரிய பாடு. அந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு; குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் டிரம்மில் கோரையை ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினார். மூன்றாம் நாள் வாடை கிளம்பிவிட்டது. ஐந்தாம் நாள் எடுத்தபோது இழையெல்லாம் அங்கங்கே கறுப்புப் புள்ளி. ஓடுகிற தண்ணீர் கோரையின் அழுக்கைத் தானே கொண்டுபோகும். நிற்கிற தண்ணீரில் அது கோரையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. மாடியில் குடியிருந்தவர்கள் நாற்றம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். சாயம் காய்ச்சிய அன்று குளியலறைத் தரை சிவப்பாகிவிட்டது. அதற்கும் ஒரு பேச்சு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நாலு குடித்தனம் ஒரு தொட்டித் தண்ணீரில் வாழ்கிற இடம்.

ஆனால் லாத்தா என்னிடம் அழுதது தண்ணீருக்காகவோ தரைக்காகவோ இல்லை. ஒரு நாள் பதினொரு மணிக்குப் போனேன். கோரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "காலைலேர்ந்து நாலு இழைதான் கீறிருக்கேன். ஒத்தைக்கு ஒக்காந்து கீற முடியல தங்கச்சி. பேச ஆளு இல்லன்னா கை ஓட மாட்டேங்குது" என்றார். ஊரில் மூன்று வாரத்தில் முடிகிற ஆறடிப் பாய் இங்கே இரண்டரை மாதம் இழுத்தது. அதுவும் கோணல்.

அந்த வருடம் நவம்பரில் இன்னொரு அடி. என் குழு மூலமாக ஒரு கடைக்கு இருபது மேஜை விரிப்பு ஒப்புக்கொண்டிருந்தோம். மழை விடாமல் பெய்த வாரம். சரியாகக் காயாமலே பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம். பத்து நாளில் பன்னிரண்டு விரிப்பு பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. காசும் வரவில்லை. லாத்தா அச்சைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். பக்கத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஏழு மாதம் அந்த வீட்டில் கோரையே இல்லை.

நோட்டு

தறி பரணுக்குப் போன பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்தது என்றால், மகளின் பழைய நாற்பது பக்க நோட்டில் ஒரு தொழுகைப் பாய்க்கு எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று லாத்தா சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள். அறுப்பது, கீறுவது, சோறு எடுப்பது, காயவைப்பது, ஊறப்போடுவது, மறுபடி கீறுவது, சாயம், பாவு இழுப்பது, நெய்வது, ஓரம் கட்டுவது. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தால், நெய்யும் நேரத்தைவிட நெய்வதற்கு முந்தின நேரம்தான் அதிகம். லாத்தாவுக்கே அது ஆச்சரியம். ஊரில் அந்த நேரமெல்லாம் நாலைந்து பெண்களின் மத்தியானங்களில் கரைந்துபோயிருந்தது, கண்ணுக்கே தெரியவில்லை.

நகரத்துக்கு வந்த லாத்தா அத்தனை பேரின் வேலையையும் தன் இரண்டு கையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். முடியாமல் போனதில் என்ன அதிசயம்? கைத்தொழில் செய்யும் குடும்பம் இடம் மாறும்போது திறமையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இந்தத் தொழிலில் தண்ணீரோடு ஒட்டிய பாதி ஒன்று, தறியோடு ஒட்டிய பாதி ஒன்று. தண்ணீரோடு ஒட்டியதை ஊரிலேயே விட்டுவிட வேண்டியதுதான். தறியை மட்டும் இங்கே கொண்டுவருவோம் என்று முடிவானது.

நடுவில் இன்னொரு யோசனையும் வந்தது: கரூர், முசிறிப் பக்கம் காவிரிக்கரையில் கோரையை வயலிலேயே பயிரிடுகிறார்கள், அதை வாங்கலாமே என்று. ஒரு கட்டு வரவழைத்தோம். லாத்தா இரண்டு விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டிப் பாய்க்கு நல்ல கோரை. என் கீறலுக்கு வராது" என்றார். அதோடு அதை விட்டுவிட்டோம்.

மாமியாரின் பங்கு

ஊரிலிருந்து கீறிச் சாயம் போட்ட இழை வர வேண்டும் என்றால் மாமியார்தான் செய்ய வேண்டும். லாத்தாவுக்கு அவரிடம் கேட்பதில் தயக்கம் இல்லை. காசு கொடுப்பதில்தான் தயக்கம். விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு இழை தயார் செய்கிறவருக்கு என்று நோட்டில் எழுதியிருந்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு லாத்தா சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏளா, எனக்கு நீ கூலி குடுக்கியோ?"

"கூலி இல்ல மாமி. பாயி நம்ம ரெண்டு பேரு சேந்து செய்யுதது. உங்க பங்கு."

"இத்தன வருசமா கீறுனேனே, அப்பம் பங்கு இல்லையா?"

லாத்தாவுக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான். அந்தக் கேள்வியில் கோபம் பாதி, நிஜமான கேள்வி பாதி. மாமியார் பத்து நாள் பேசவில்லை. பிறகு கொழுந்தன் மனைவி வழியாகச் சேதி வந்தது: கட்டு தயார், யாருக்கு யார் காசு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் பங்கு அவருடைய பேங்க் கணக்கில் விழுந்தபோது, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய், கவுன்டரில் இருந்த பெண்ணிடம் "இது என் பாயிக் காசுதானா" என்று இரண்டு தடவை கேட்டாராம். ஐம்பது வருடமாகக் கோரை கீறிய கை அது. அவர் பெயரில் தனியாக வந்த முதல் காசு அதுதான்.

இப்போது மாதம் ஒரு கட்டு வருகிறது. சாயங்காலம் திருநெல்வேலியில் பஸ்ஸில் போட்டால் விடிகாலையில் இங்கே வந்துவிடும். முன்பு பெருங்களத்தூரில் போய் எடுப்பார்கள்; 2023 கடைசியில் பஸ் நிலையம் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு அங்கே போகிறார்கள். ஈரத்துணியில் சுற்றி அனுப்பினால் வழியிலேயே வாடை வந்துவிடுகிறது; நன்றாகக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே சாக்கு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு கட்டு வீணாகியது. நெய்வதற்கு முன் இங்கே லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும், இழை ஒடியாது. அதற்கு மட்டும் கேன் தண்ணீர்.

இரும்புச் சட்டம்

தரைக்குப் பதிலாக என்ன என்பதற்கு விடை தந்தவர் கணவர்தான். தோல் கம்பெனியில் தோலை இழுத்து மாட்டிக் காயவைக்கும் சட்டங்களைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி சதுர இரும்புக் குழாயில் ஐந்தரை அடி நீளம், மூன்றடி அகலத்துக்கு ஒரு சட்டம் செய்ய வைத்தார். ஒரு முனையில் நான்கு நட்டு போல்ட். திருகினால் பாவு இறுகும். வேலை முடிந்ததும் சட்டத்தோடு தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். பாவை அவிழ்க்க வேண்டியதில்லை. காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு பத்து மணிக்கு இறக்கி வைப்பார், இரண்டு மணிக்கு மகன் பள்ளியிலிருந்து வருவதற்குள் சாய்த்துவிடுவார்.

சட்டத்தின் அளவு பொருளின் அளவைத் தீர்மானித்துவிட்டது. ஆறடிப் படுக்கைப் பாய் அதில் வராது. நாலடித் தொழுகைப் பாய் வரும், மேஜை விரிப்பு வரும், கைப்பைக்கு வேண்டிய துண்டு வரும். ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே தொழுகைப் பாய்க்குச் சொல்லி வைக்கிறார்கள். மழைக்காலத்தில் புது ஆர்டர் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். நெய்ததை உறையில் போடும் முன் மூன்று வெயில் கட்டாயம். அதன்பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயரும் தேதியும் பாயிலேயே நெய்து கொடுப்பது பத்தமடை வழக்கம். முழுப் பாய் நெய்ய முடியாததால் அதைச் சிறிய அளவில், சுவரில் தொங்கவிடுகிற மாதிரி செய்யலாம் என்றது மகள். பெயரைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதி, எந்த வரிசையில் எத்தனை பாவு நூலைத் தாண்டிக் கறுப்பு இழை போக வேண்டும் என்று எண்ணிக் குறித்துக் கொடுப்பாள். ஆங்கில எழுத்து சுலபம், பெரும்பாலும் நேர்க்கோடு. தமிழில் வளைவு அதிகம். ஒரு தடவை "யாழினி" என்ற பெயருக்கு ஆர்டர் வந்தது. ழகரத்தின் கீழ்ச்சுழி கட்டத்தில் உட்காரவே இல்லை. ஒரு கட்டம் கூடினால் மூக்கு மாதிரி நீள்கிறது, ஒரு கட்டம் குறைத்தால் சுழியே தெரியவில்லை. நான்கு நாள் அழித்து அழித்து எழுதினாள். கடைசியில் அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் இழையை இன்னும் மெல்லிசாகக் கீறச் சொல்லி, ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரித்தாள். நெய்து முடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ழ நன்றாகவே நின்றது. ஊரில் இருக்கும்போது தறிப்பக்கம் எட்டிப் பார்க்காத பெண் இவள்.

இன்னும் சரியாகாதவை

வருமானத்தைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. லாத்தா சமையல் வேலையை ஒரு வீட்டோடு நிறுத்திக்கொண்டார், முழுதாக விடவில்லை. முதுகுவலி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் ஓரம் கட்டக் கற்றுக்கொண்டு மத்தியானம் வருகிறார்கள். "இப்பம்தான் கை ஓடுது" என்கிறார் லாத்தா. ஆனால் ஆறடிப் பட்டுப்பாய் நெய்து மூன்று வருடமாகிறது. அந்த நீளத்தில் பாவை ஒரே சீராகப் பிடிக்கிற பழக்கம் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

அரசுத் திட்டங்களைப் பொறுத்தவரை முகவரிதான் சிக்கல். கைவினைஞர் அட்டை திருநெல்வேலி முகவரியில். இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 தொழில்களில் பாய் பின்னுவதும் உண்டு. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். லாத்தாவுக்கு 38 வயது. ஆதாரில் முகவரி மாற்றிய பிறகு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கிடைத்தால் ஏழரை அடியில், நடுவில் மடிகிற மாதிரி இரண்டாவது சட்டம் ஒன்று செய்வதாகத் திட்டம். கணவர் படம் வரைந்து வைத்திருக்கிறார். இடம் மாறும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள்: வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததும் முகவரி மாற்றத்தை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். நாங்கள் தள்ளிப்போட்டு இரண்டு வருடத்தை விட்டோம்.

சென்ற அக்டோபரில் மாமியார் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் சாய்ந்திருந்த சட்டத்தைத்தான் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் கிட்டப் போய், பாவைக் கட்டைவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அமுக்கிக்கொண்டே போனார். "இடது பக்கம் தொய்யுது" என்றார். பேத்தி ஸ்பானர் எடுத்து வந்து ஒரு சுற்றுத் திருகினாள். மறுபடி அமுக்கினார். "இன்னொரு கால் சுத்து." திருகியதும் தலையாட்டினார்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் இருந்தார். குனிய வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தறியில் உட்காரவில்லை. நாற்காலியில் இருந்துகொண்டு அடிக்கிற சத்தத்தைக் கேட்டே "தளர அடிக்கா, இறுக்கி அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால், பாவு நூல் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டத்தின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டிருக்கிறார். எதற்கு மாமி என்று லாத்தா கேட்டார். சின்ன மருமகளுக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியவில்லை, சேரன்மகாதேவியில் வெல்டிங் கடை இருக்கிறது என்றார். நூலைச் சுருட்டிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்பானர் என்ன நம்பர் என்று பேத்தியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.